பாரிஸில் ஒரு சிறு வீடு: நகருக்குள் ஸ்டூடியோவா, புறநகரில் பழைய வீடா, புதுக் கட்டடமா?

வீடு வாங்கப் புறப்பட்டவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கணவர் பாரிஸ் நடுவே ஒபேரா பக்கத்தில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறார். அடுப்படியைக் கழுவித் துடைத்துவிட்டு வெளியே வர நள்ளிரவாகிவிடும். மனைவிக்கு வடக்குப் புறநகரான லா கூர்நெவ்வில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. நான்கு வயதில் ஒரு மகள். இருவரின் சம்பளமும் சேர்ந்து மாதம் 3,400 யூரோ கைக்கு வருகிறது. சேமிப்பு 35,000 யூரோ. அதில் ஒரு பகுதி இன்னும் சீட்டில் இருக்கிறது. 180,000 யூரோ வரை கடன் தரலாம் என்று வங்கி சொல்லியிருக்கிறது. ஆகக் கையில் 215,000 யூரோ. இதை வைத்து நகருக்குள் லா ஷப்பேல் பக்கம் ஆறாம் மாடியில் ஒரு ஸ்டூடியோ, அதாவது ஒரே அறையுள்ள சிறு வீடு, வாங்கலாம்; புறநகரில் 1970களின் கட்டடமொன்றில் ஐம்பது சதுர மீட்டர் வீடு வாங்கலாம்; இன்னும் கட்டி முடியாத புதுக் கட்டடத்தில் இரண்டு அறை வாங்கலாம்; நிலத்தை விட்டு வீட்டை மட்டும் விற்கும் புதிய முறையில் விண்ணப்பிக்கலாம். எது சரி?

நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன் எதை வைத்து அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது விலையும் பரப்பும் மட்டுமே. ஆனால் பிரான்சில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர், 1965 ஜூலை 10ஆம் தேதிச் சட்டத்தின்படி, கூரையிலும் படிக்கட்டிலும் கழிவுநீர்க் குழாயிலும் லிஃப்டிலும் ஒரு பங்கையும் சேர்த்தே வாங்குகிறார். அந்தப் பங்கு நல்லதா கெட்டதா என்பதே பத்தாண்டு கழித்து அவர் நிம்மதியாக இருக்கிறாரா என்பதைத் தீர்மானிக்கிறது என்பது இத்தனை வருடத்தில் நான் கண்டது.

## அளவுகோல்கள்

மொத்தச் செலவு. பழைய வீடு என்றால் விலைக்கு மேல் ஏறக்குறைய 8 சதவீதம் நொத்தாரிசுச் செலவாக, அதாவது பத்திரம் எழுதிப் பதியும் சட்ட அலுவலர் வழியாகக் கட்டும் செலவாகப் போகும். புதிய கட்டடத்தில் அது 2 முதல் 3 சதவீதம்தான். இதை நொத்தாரிசின் கூலி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதில் பெரும்பகுதி அரசுக்கும், மாவட்டம் போன்ற பிரிவான துறையின் (département) நிர்வாகத்துக்கும் போகும் வரி. 2025 ஏப்ரல் முதல் துறை நிர்வாகங்கள் தங்கள் பங்கை 4.5 சதவீதத்திலிருந்து 5 ஆக உயர்த்திக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, பாரிஸும் உயர்த்தியிருக்கிறது. குடியிருக்கவென்று முதன்முறை வீடு வாங்குகிறவர்களுக்கு அந்த உயர்வு கிடையாது. முதன்முறை வாங்குவதாக ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இந்த 8 சதவீதம் திரும்பி வராத பணம் என்பதால், ஐந்தாறு வருடத்துக்குள் விற்க நேரிடும் என்ற எண்ணம் இருந்தால் பழைய வீட்டை வாங்காமல் இருப்பதே நல்லது. விலை ஏறி அந்த இழப்பை ஈடுகட்டும் என்ற நம்பிக்கையும் பழையபடி இல்லை: 2020இன் இறுதியில் பாரிஸில் சதுர மீட்டருக்குச் சுமார் 10,800 யூரோவாக இருந்த சராசரி விலை, 2024இல் 9,500 அளவுக்கு இறங்கியது.

மாதச் சுமை. 180,000 யூரோவை 25 வருடத்துக்கு 3.5 சதவீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 900 யூரோ. காப்பீடும் சேர்ந்தால் 940ஐத் தாண்டும். காப்பீடு உட்படத் தவணை வருமானத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வங்கிகளுக்கான விதி. 3,400 வருமானத்தில் அந்த எல்லை 1,190 யூரோ. ஆனால் கட்டடத்தின் பொதுச் செலவுக்கு மூன்று மாதத்துக்கொருமுறை கட்டும் சார்ஜும், இலையுதிர் காலத்தில் வரும் நிலவரியும் இந்த 35 சதவீதக் கணக்கில் முழுமையாக வராது. வங்கி சம்மதித்துவிட்டது என்பதற்காகக் குடும்பத்தின் கணக்கு சரியாகிவிடாது.

கட்டடத்தின் நிலை. இதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

எரிசக்தித் தரம். ஏ முதல் ஜி வரை எழுத்திட்டு வரும் டிபிஇ சான்று இன்று விலையையே நிர்ணயிக்கிறது. ஜி தர வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுவது 2025 ஜனவரி முதல் தடை. 2028இல் எஃப், 2034இல் இ. நீங்கள் குடியிருக்கத் தடை ஏதுமில்லை. ஆனால் நாளை ஊருக்குத் திரும்பும்போதோ பெரிய வீட்டுக்கு மாறும்போதோ இதை வாடகைக்கு விட்டு வைக்கலாம் என்ற வழி அடைபட்டுவிடும்.

வேலைக்குப் போய்வருவது. மாதப் பயண அட்டைக்கு 2015 செப்டம்பர் முதல், பாரிஸும் புறநகரும் சேர்ந்த முழு வட்டகைக்கும் ஒரே கட்டணம் என்பதால், புறநகரில் இருப்பதால் பயணச் செலவு கூடாது, கூடுவது நேரம். இரவு வேலைக்காரருக்கு அந்த நேரமும் கடைசி மெத்ரோவைப் பொறுத்தது.

| | நகருக்குள் பழைய ஸ்டூடியோ | புறநகரில் பழைய வீடு | புறநகரில் புதுக் கட்டடம் | நிலமில்லா உரிமை |
|---|---|---|---|---|
| 215,000 யூரோவுக்குள் கிடைக்கும் பரப்பு (சுமார்) | 20 ச.மீ. | 50 ச.மீ. | 38 ச.மீ. | 40 ச.மீ. |
| நொத்தாரிசுச் செலவு | ஏறக்குறைய 8% | ஏறக்குறைய 8% | 2–3% | 2–3% |
| மாதச் சார்ஜ் | லிஃப்ட் இல்லாவிட்டால் குறைவு | பொது வெப்பமூட்டல் இருந்தால் அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம், கூடவே நிலவாடகை |
| எரிசக்தித் தரம் | பெரும்பாலும் இ, எஃப், ஜி | டி முதல் எஃப் வரை | ஏ, பி | ஏ, பி (புதிதாகக் கட்டியதானால்) |
| வட்டியில்லாக் கடன் | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| குடிபுகும் காலம் | மூன்று மாதம் | மூன்று மாதம் | ஒன்றரை, இரண்டு வருடம் | ஒதுக்கீட்டைப் பொறுத்தது |
| விற்கும்போது | விரைவாக விற்கும் | கட்டடத்தைப் பொறுத்தது | முதல் சில வருடங்களில் நட்டம் வரலாம் | விலைக்கு வரம்பு உண்டு |

## நகருக்குள் பழைய ஸ்டூடியோ

ஃபோபூர் சேன் தெனி தெருவின் மேல்முனையில் காய்கறிக் கடை வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால், துத்தநாகத் தகடு போட்ட சாய்வுக் கூரையில் வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள் தெரியும். முன்பு வேலைக்காரப் பெண்கள் படுத்துறங்கிய அறைகள் அவை. இரண்டு அறைகளுக்கு நடுவே சுவரை இடித்து ஒன்றாக்கி ஸ்டூடியோ என்று விற்கிறார்கள். கடை, கோயில், மெத்ரோ எல்லாம் காலடியில். வேலை முடிந்து நடந்தே வீடு வந்துவிடலாம் என்பது இரவு வேலைக்காரருக்குச் சின்ன விஷயம் இல்லை.

இங்கே முதலில் அளவு நாடாவை எடுங்கள். 1996ஆம் ஆண்டின் காரே சட்டப்படி, உயரம் 1.80 மீட்டருக்குக் குறைவான இடம் பரப்பில் சேராது. அப்படியொரு ஸ்டூடியோவில் நானும் ஒருவரும் மண்டியிட்டு அளந்தோம். தரையில் 24 சதுர மீட்டர் இருந்தது. சாய்கூரையின் கீழ் தலை இடிக்கும் பகுதியைக் கழித்தால் 17தான் மிஞ்சியது. விலை 24க்குச் சொல்லப்பட்டிருந்தது. பத்திரத்தில் எழுதிய பரப்பைவிட உண்மைப் பரப்பு 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், பத்திரம் முடிந்த ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட்டு விலையைக் குறைக்கக் கேட்கலாம். ஆனால் வாய்ச்சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பத்திரத்தில் இருக்கும் எண்ணுக்கே உண்டு.

அடுத்தது கழிப்பறை. அது வீட்டுக்குள் இருக்கிறதா, படிக்கட்டு முகப்பில் நான்கு வீட்டுக்குப் பொதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வைத்திருந்தால், கழிவுக் குழாயைப் பொதுக் குழாயோடு இணைக்கக் கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் கூடும் பொதுக்கூட்டம் அனுமதி தந்ததா என்ற ஆவணத்தைக் கேளுங்கள். அனுமதியின்றி இழுத்த குழாயை வாங்கியவரே அகற்ற வேண்டிய நிலை வரலாம்.

கூரையின் கீழ் வீடு குளிரில் உறையும், ஜூலையில் கொதிக்கும். உள்பக்கம் காப்புப் பலகை அடித்தால் நான்கு பக்கமும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் போய்விடும். 17 சதுர மீட்டரில் அது ஒரு அலமாரிக்கான இடம். கல் முகப்புக் கட்டடத்தில் வெளிப்பக்கம் காப்பு போட அநேகமாக அனுமதி கிடைக்காது. ஒரு நல்ல செய்தி உண்டு: 40 சதுர மீட்டருக்குக் குறைந்த வீடுகளுக்கு டிபிஇ கணக்கிடும் முறை 2024 ஜூலையில் திருத்தப்பட்டது, அந்தக் கணக்கில் மின்சாரப் பயன்பாட்டைப் பெருக்கும் எண் 2026 ஜனவரியில் 2.3இலிருந்து 1.9 ஆகக் குறைந்தது. ஆகவே மின்சாரத்தில் சூடேற்றும் சிறு வீட்டின் பழைய சான்றில் ஜி என்றிருந்தால், திருத்திய எழுத்து என்னவென்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். எழுத்து மாறினாலும் குளிர் மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்னாளில் வாடகைக்கு விடுவதானால் வீடு குறைந்தது 9 சதுர மீட்டரும் 2.20 மீட்டர் உயரமும், அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவும் கொண்டிருக்க வேண்டும். வாடகைக்கு 2019 ஜூலை முதல் உச்சவரம்பு இருக்கிறது. லண்டனிலோ டொரண்டோவிலோ இருந்துகொண்டு, வரும்போது தங்கவும் மற்ற நாளில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடவும் வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குடியிருக்காத வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட நகரசபையின் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும், அது கிடைப்பது மிகக் கடினம், குடியிருக்கும் வீட்டைக்கூட வருடத்துக்கு 90 இரவுதான் அப்படி விடலாம், இரண்டாம் வீடு என்றால் வசிப்பு வரியில் 60 சதவீதம் கூடுதல் வரி.

தனியாக இருப்பவர், இரவு முறை வேலை பார்க்கும் மருத்துவமனைத் தாதி, பின்னர் வாடகைக்கு விடும் திட்டத்தோடு வாங்கும் இளைஞர் ஆகியோருக்கு இது பொருந்தும். குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். இருபது சதுர மீட்டரில் மூன்று பேர் ஒரு வருடம் சமாளிக்கலாம். அந்தப் பிள்ளை பாடப் புத்தகத்தை விரிக்கும் வயது வந்ததும் விற்றாக வேண்டும். அதற்குள் அந்த 8 சதவீதம் போயிருக்கும்.

## புறநகரில் பழைய வீடு

சேன் தெனி, லா கூர்நெவ், பொபினி பக்கங்களில் பழைய வீடுகள் சதுர மீட்டருக்கு 3,500 முதல் 4,200 யூரோ வரை கிடைக்கின்றன. அதே பணத்துக்குக் கதவு உள்ள படுக்கையறை, ஜன்னல் உள்ள சமையலறை, பால்கனி, பெரும்பாலும் நிலவறையும் உண்டு. விருந்தினர் வந்தால் படுக்க இடமிருக்கும். தாளிக்கும் வாசனை படுக்கைக்கு ஏறாது.

ஆனால் மேலே தள்ளிவைத்த கட்டடத்தின் நிலை பற்றிய பேச்சு இங்கேதான் முழுக் கனத்தோடு வருகிறது. 1960களிலும் 70களிலும் எழுந்த இந்தப் பெரிய கட்டடங்களுக்குப் பொது வெப்பமூட்டல், பொதுச் சுடுநீர், லிஃப்ட், காவலர் எல்லாம் உண்டு. ஐம்பது சதுர மீட்டருக்கு மாதம் 250 யூரோ சார்ஜ் என்பது சாதாரணம். அது போகட்டும், வெப்பமும் நீரும் அதற்குள் அடக்கம். அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கட்டடத்தில் சிலர் சார்ஜ் கட்டாமல் விட்டால், அதை நிர்வகிக்கும் சேன்டிக் நிறுவனத்திடம் எரிவாயுவுக்கும் நீருக்கும் கொடுக்கப் பணம் இல்லாமல் போகும், பழுது தள்ளிப்போகும், வசதியுள்ளவர்கள் விற்றுவிட்டுப் போவார்கள், நிலுவை இன்னும் கூடும். கிளிஷி சு புவாவிலும், ஏறக்குறைய 5,000 வீடுகள் கொண்ட கிரின்யி 2 தொகுதியிலும் இது முற்றிப்போய், 2015, 2016ஆம் ஆண்டுகளில் அரசே நேரடியாக இறங்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட கட்டடத்தில் மலிவாக வாங்கியவர் மலிவாகக்கூட விற்க முடியாமல் மாட்டிக்கொள்கிறார்.

ஆகவே கடந்த மூன்று பொதுக்கூட்டங்களின் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் தரக் கடமைப்பட்டவர். ஒரு மாலையை அதற்கென்றே ஒதுக்கிச் சமையலறை மேசையில் உட்கார்ந்து வரிக்கு வரி படியுங்கள். எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள்? நிலுவை வருடத்துக்கு வருடம் ஏறுகிறதா, இறங்குகிறதா? கூரைப் பழுது என்ற ஒரே வரி மூன்று வருடமும் வந்து மூன்று முறையும் நிராகரிக்கப்பட்டிருக்கிறதா? அப்படி இருந்தால் அந்தப் பழுது உங்களுக்காகக் காத்திருக்கிறது. வர வேண்டிய தொகையில் 25 சதவீதம், 200 வீட்டுக்கு மேற்பட்ட தொகுதியில் 15 சதவீதம், கட்டப்படாமல் நின்றால் நீதிமன்றத்தின் மூலம் தனிப் பொறுப்பாளரைக் கேட்கச் சட்டம் வழிசெய்கிறது. அந்த எல்லையை நெருங்கும் கட்டடத்தின் பக்கம் போகவே வேண்டாம். பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குப் பத்தாண்டுப் பழுதுத் திட்டம் கட்டாயமாகியிருக்கிறது. அதையும் கேளுங்கள், இன்னும் செய்யவில்லை என்ற பதிலும் ஒரு தகவலே.

என் தம்பிக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். அவன் வாங்கிய வீட்டின் கட்டடத்தில் முகப்பு வேலை ஏற்கெனவே வாக்கெடுப்பில் நிறைவேறியிருந்தது. ஏஜென்சிக்காரர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கூட்டக் குறிப்பில் அது பதினோராவது பக்கத்தில் இருந்தது. நாங்கள் முதல் நான்கு பக்கத்தோடு நிறுத்திவிட்டோம். பத்திரம் முடிந்த நான்காம் மாதம் 6,400 யூரோவுக்குக் கடிதம் வந்தது. வேலை எப்போது தீர்மானிக்கப்பட்டது என்பதை வைத்துச் சட்டம் பார்ப்பதில்லை. பணம் கட்ட வேண்டிய நாளில் யார் உரிமையாளரோ அவரே கட்ட வேண்டும். விற்பவரே கட்டுவார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் எங்களுக்கும் விற்பவருக்கும் இடையில் அது செல்லுபடியாகியிருக்கும். அந்த ஒரு வரியைக் கேட்கத் தெரியாமல் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நிலவரியும் புறநகரில் கனமானது. பாரிஸ் தன் விகிதத்தை 2023இல் 13.5இலிருந்து 20.5 சதவீதமாக உயர்த்திய பிறகும், வடக்குப் புறநகர் நகராட்சிகள் பல அதைவிட மிக உயர்ந்த விகிதத்தில்தான் இருக்கின்றன. விற்பவர் கடைசியாகக் கட்டிய வரிச்சீட்டைப் பாருங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, எந்த ரயில் பாதை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2024 ஜூனில் 14ஆம் பாதை சேன் தெனி ப்ளெயல் வரை நீண்டது. 7ஆம் பாதை ஒபேராவிலிருந்து மாறாமல் லா கூர்நெவ் வரை போகும். வார நாளில் கடைசி வண்டி ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்குப் பாதையின் கடைசி நிலையத்தைச் சேர்ந்துவிடும். பெரும் பாரிஸ் திட்டத்தின் மற்ற புதிய பாதைகள் வரப்போகின்றன என்று சொல்லி விலையைக் கூட்டிக் கேட்டால், இன்று ஓடும் வண்டிக்கு மட்டும் பணம் கொடுங்கள். அந்தத் தேதிகள் பலமுறை தள்ளிப்போயிருக்கின்றன.

குழந்தை உள்ள குடும்பத்துக்கும், ஏழெட்டு வருடமாவது ஒரே இடத்தில் இருக்க நினைப்பவர்களுக்கும், நல்ல கட்டடம் கிடைத்தால், இதுவே பணத்துக்கு ஏற்ற வீடு.

## புறநகரில் புதுக் கட்டடம்

வரைபடத்தைப் பார்த்து வாங்குவது இது. நொத்தாரிசுச் செலவு குறைவு, வெப்பச் செலவு குறைவு, முதல் பத்து வருடத்துக்குக் கட்டுமானக் குறைகளுக்குக் காப்புறுதி. முதன்முறை வாங்குகிறவர்களுக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், விலையில் ஒரு பகுதி வட்டியில்லாக் கடனாகக் கிடைக்கும். 2025 ஏப்ரலில் இது புதிய அடுக்குமாடிகளுக்கு நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டு 2027 முடியும் வரை நடைமுறையில் இருக்கிறது. நகரச் சீரமைப்புப் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய சில தெருக்களிலும் விற்பனை வரி 20 சதவீதத்துக்குப் பதில் 5.5 சதவீதம். புறநகர்த் தமிழர்கள் பலர் வாழும் பகுதிகள் இந்த வட்டத்துக்குள் வருவதால், விற்பனை அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மறைவான செலவு காத்திருப்பதில் இருக்கிறது. அத்திவாரம் முடியும்போது விலையில் 35 சதவீதம் வரை, கூரை மூடும்போது 70, கட்டி முடியும்போது 95, சாவி கையில் வரும்போது மீதி என்று பணம் போகும். வங்கி விடுவிக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் அன்றிலிருந்து வட்டி ஓடும். அதே மாதங்களில் இருக்கும் வீட்டுக்கு வாடகையும் கட்ட வேண்டும். ஆறு மாதம் தாமதமானால் ஆறு மாத இரட்டைச் சுமை. கார் நிறுத்துமிடத்தையும் சேர்த்தே வாங்கச் சொல்வார்கள். சமையலறையில் சிங்க் தவிர வேறெதுவும் இராது. அந்த 38 சதுர மீட்டர் சாவி வாங்கிய மறுநாளே பழைய வீடாகிவிடுவதால், ஐந்து வருடத்துக்குள் விற்றால் கொடுத்த விலை வருவது கடினம்.

தற்போதைய வாடகை குறைவாக இருப்பவர்களுக்கும், பழுதுச் செலவுக்கு அஞ்சுபவர்களுக்கும், வட்டியில்லாக் கடனின் முழுப் பலனையும் பெறக்கூடிய வருமானம் உள்ளவர்களுக்கும் இது ஏற்றது.

## நிலமில்லா உரிமை

2016இல் சட்டமான இந்த முறையில் நிலம் பொதுநல அமைப்பொன்றிடம் இருக்கும். 99 வருடம் வரை நீளும் குத்தகையில் வீட்டின் உரிமை மட்டும் உங்களுக்கு. பாரிஸ் நகரசபை தொடங்கிய அமைப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 5,000 யூரோவில் நகருக்குள்ளேயே வீடு தருகிறது. சந்தை விலையில் ஏறக்குறைய பாதி. நாற்பது சதுர மீட்டரைப் பாரிஸுக்குள் நம்மவர் வாங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இது.

மாதந்தோறும் நிலத்துக்குச் சிறு வாடகை உண்டு. நீங்களே குடியிருக்க வேண்டும். விற்கும்போது விலை சூத்திரப்படி கட்டுப்படுத்தப்படும்; வருமான வரம்புக்குள் இருப்பவருக்கே விற்கலாம். வாரிசுகளுக்கும் நிபந்தனைகள் இருப்பதால், மகள் பேரில் சொத்து சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் அந்த விதிகளை நொத்தாரிசிடம் எழுத்தில் கேட்டறிய வேண்டும். விண்ணப்பங்கள் வீடுகளைவிடப் பலமடங்கு. விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி மற்ற வேலையை நிறுத்தாதீர்கள்.

## வாடகையிலேயே தொடர்வது

இதையும் ஒரு தேர்வாக வைத்துத்தான் மற்ற நான்கையும் ஒப்பிட வேண்டும். அரசு மானிய வீட்டில் போதிய அறைகளோடு குறைந்த வாடகைக்கு இருப்பவர், சொந்தம் என்ற சொல்லுக்காக அதை விட்டு இருபது சதுர மீட்டருக்குள் போவது நட்டம். இந்த வட்டகையில் அந்த வீடுகளுக்குக் காத்திருக்கும் விண்ணப்பங்கள் எட்டு லட்சத்தைத் தாண்டியவை; விட்டால் திரும்பக் கிடைக்காது.

## கையெழுத்துக்கு முன்

முன்விற்பனை ஒப்பந்தம் போட்ட பிறகும், அது உங்களிடம் நேரில் தரப்பட்ட, அல்லது பதிவுத் தபாலில் முதன்முறை வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை, தொகை, வருடம், வட்டி மூன்றையும் குறிப்பிட்டு எழுதச் செய்யுங்கள். உங்கள் பக்கத்துக்கும் ஒரு நொத்தாரிசை வைத்துக்கொள்ளலாம். இருவரும் அதே கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள், உங்களுக்கு ஒரு யூரோவும் கூடாது. இது தெரியாமல் விற்பவரின் நொத்தாரிசையே நம்பிப் போகிறவர்கள் நம்மிடையே மிக அதிகம்.

சீட்டுப் பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். நொத்தாரிசுக்கு 3,000 யூரோவுக்கு மேற்பட்ட தொகை வங்கி மாற்றலாகத்தான் போக முடியும்; பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அவருடைய சட்டக் கடமை. கடைசி மாதத்தில் ஒரே தடவையாகக் கணக்கில் விழும் 12,000 யூரோ ரொக்கம் வங்கியின் சம்மதத்தையே குலைத்துவிடும். சீட்டு எடுப்பதானால் வங்கிக்குப் போவதற்கு வெகு முன்பே எடுங்கள். ஒவ்வொரு மாதமும் கட்டியது வங்கி வழியாகச் சென்றதற்கான சான்றையும் வைத்திருங்கள். அது முடியாதென்றால் அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்காமல் குறைந்த விலையில் வீடு தேடுவதே பாதுகாப்பு.

## கேட்ட தம்பதிக்கு

ஸ்டூடியோவை விட்டுவிடுங்கள் என்பதே என் சொல். நிலமில்லா உரிமைக்கு இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள். உண்மையான போட்டி புறநகரின் பழைய வீட்டுக்கும் புதுக் கட்டடத்துக்கும் இடையில்தான். உங்கள் தற்போதைய வாடகை 950 யூரோ என்கிறீர்கள்; அதோடு ஒன்றரை வருடம் இடைக்கால வட்டியும் கட்டினால் சேமிப்பு கரையும். அதனால் நான் 7ஆம் பாதையின் ஓரத்தில் நீங்கள் பார்த்த ஐம்பது சதுர மீட்டர் வீட்டின் பக்கம் சாய்கிறேன்: கணவர் நள்ளிரவுக்குப் பிறகு ஒரே வண்டியில் அரை மணி நேரத்தில் வீடு வரலாம், மனைவி நடந்தே வேலைக்குப் போகலாம், மகளுக்கு ஓர் அறை இருக்கும்.

நீங்கள் அனுப்பிய கூட்டக் குறிப்புகளில் இரண்டு வருடத்துக்கானவை மட்டுமே இருந்தன. லிஃப்ட் மாற்றப்பட்டிருக்கிறது, நிலுவை பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கிறது, இரண்டும் நல்லவை. கூரைக் காப்பு வேலை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. மூன்றாவது வருடக் குறிப்பையும், அந்த வேலைக்கு வாங்கிய மதிப்பீட்டையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் பங்குக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்ததும் அந்தத் தொகையை விலையிலிருந்து குறைத்துக் கேளுங்கள். குறைக்க மறுத்தால், பத்திரத்துக்கு முன் வாக்கெடுக்கப்படும் வேலைகள் விற்பவர் பொறுப்பு என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டும் முடியாது என்றால், அதே பாதையில் வேறு கட்டடம் பாருங்கள்.